ஆற்றில் இறைக்காத எள்

மூன்றாவது பை

நாங்கள் பாய் விரித்த இடத்தில் ஆறு பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை. அண்ணாந்து பார்த்தால் கழுத்து நோகும். வெயில் பாறையின் உச்சியில் மட்டும் விழுந்தது. கீழே நிழலும் ஈரக் கல்லின் மணமும்தான்.

அன்றைக்கு ஆடி அமாவாசை. தகப்பன் இல்லாத ஆண்கள் விரதம் இருக்கும் நாள் என்பதால் என் கணவர் காலையிலிருந்து பச்சைத் தண்ணீரும் குடிக்கவில்லை. நாங்கள் தங்கியிருந்த வீட்டில் அடுப்பு இருந்ததால் நான் விடியவே எழும்பிச் சமைத்துக்கொண்டு வந்திருந்தேன். எலுமிச்சம்பழச் சோறு, கத்தரிக்காய்ப் பொரியல், உருளைக்கிழங்குப் பிரட்டல், அப்பளம்.

சாமான்கள் எல்லாம் பாரிசின் லா சப்பல் தமிழ்க் கடைப் பைகளில் இருந்தன. மூன்று பை, மூன்றும் ஒரே நிறம். சோறு ஒன்றில், கோப்பைகள் ஒன்றில். மூன்றாவதில் வாழைப்பழம் இருக்கும் என்று வதனி கையை விட்டாள்.

வாழைப்பழம் இருந்தது. அதோடு எள்ளுப் பொட்டலமும் தர்ப்பைக் கட்டும் வந்தன. பிறகு பச்சையரிசி, கற்பூரம், வெற்றிலை பாக்கு, சின்னச் செப்புச் செம்பு, மடித்த வெள்ளை வேட்டி. அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் வைத்தாள். எனக்கு விளங்கவில்லை. அந்தப் பையை நான் கட்டவில்லை.

வதனி என் கணவரின் தம்பி பெண்சாதி. அவள் தலையை நிமிர்த்தி, என் கணவரைப் பார்த்து மிகவும் சாதாரணமாகக் கேட்டாள்.

“மாமாவுக்கோ அத்தான்?”

மாமா என்றால் என் மாமனார். அவர் போய் எத்தனையோ காலம். இவர் ஓம், அவருக்குத்தான் என்று தலையாட்டியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். பொய் அவர் வாய்க்குப் பக்கத்தில் தயாராக இருந்தது. அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். ஆனால் இந்த மனுசன் வாயைத் திறக்கவில்லை. கையைப் பிசைந்துகொண்டு ஆற்றைப் பார்த்தபடி நின்றார். வதனியின் முகம் மெல்ல மெல்ல மாறுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லா சப்பல் சனம்

இந்தத் தொடரில் இதுவரை என் சேலைக்கடைக் கதையையும், வாடிக்கையாளரோடு நான் பிடிக்கும் வாய்ச்சண்டையையும் எழுதி வந்தேன். உங்கள் வீட்டில் துக்கமே கிடையாதா என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். அம்மா, துக்கம் இல்லாத வீடு லா சப்பலில் எங்கே இருக்கிறது? இருந்தால் காட்டுங்கள், நானும் ஒருக்கால் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

என் கணவரை லா சப்பலில் எல்லாரும் நேசன் அண்ணை என்பார்கள். மரக்கறிக் கடை வானோட்டி. விடிய முன்னம் மொத்தச் சந்தைக்குப் போய்க் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் ஏற்றிக்கொண்டு வருவார். தலைக்கு மேலே மெத்ரோ ரயில் தடதடவென்று ஓடும். கீழே இவர் பெட்டி இறக்குவார். கட்டை மீசை, கையில் எப்போதும் கொத்தமல்லி மணம். பேசுவது குறைவு. எனக்கும் அவருக்கும் சேர்த்து நான் பேசிவிடுவேன் என்று அவரே சொல்லுவார்.

அவருக்கு ஒரே தம்பி, குணம். கனடாவில் ஒரு தங்கச்சியும் உண்டு. குணத்தைத் தூக்கி வளர்த்தவர் இவர்தான். சைக்கிள் பழக்கியது, நீச்சல் பழக்கியது, காதல் கடிதம் பிடிபட்டபோது தகப்பனிடம் அடி வாங்காமல் காப்பாற்றியது எல்லாம் இவர். பிரான்சுக்கு வந்த பிறகும் போன் எடுத்தால் முதல் கேள்வி, “சாப்பிட்டியோடா?” என்பதுதான். வளர்ந்து கலியாணம் கட்டிய தம்பியிடம் இப்படிக் கேட்கும் மனுசனை நான் வேறெங்கும் காணவில்லை.

2009, வன்னியில் கடைசி யுத்தம். அந்த வருசத்தைப் பற்றி இங்கே நான் புதிதாக என்ன சொல்ல? தை மாதத்திலிருந்து எங்கள் வீட்டில் தொலைக்காட்சி அணையவில்லை. குணமும் வதனியும் கைக்குழந்தை கயலும் வன்னியில் இடம் மாறி இடம் மாறிப் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியாக வந்த அழைப்பில் குணத்தின் குரல் இரண்டு சொல் கேட்டது. பிறகு இரைச்சல். அதோடு சரி.

வதனியும் பிள்ளையும் முகாமுக்கு வந்துவிட்டார்கள் என்று பிறகு அறிந்தோம். குணம் வரவில்லை. என்ன நடந்தது என்று கேட்டால், பதிவுக்கு என்று ஆமிக்காரர் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. சில வருசங்கள் கழித்து, எப்படி எப்படியோ சுற்றி, பிள்ளையோடு பாரிசுக்கு வந்து சேர்ந்தாள். இவர்தான் கார் து நோர் ரயில் நிலையத்தில் போய் நின்று கூட்டி வந்தார். பாரிசுக்குப் பக்கத்தில் பொபினியில் சின்ன வீடு ஒன்று பிடித்துக் கொடுத்தோம். ஒரு சாப்பாட்டுக் கடையில் இடியப்பம் பிழியும் வேலையும் கிடைத்தது.

நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி. ஒருநாளும் அவள் கழற்றியதில்லை. ஒருநாளும் அழுததும் இல்லை. அதைத்தான் சனம் கூடுதலாகக் கதைத்தது. “கல்லு நெஞ்சு” என்று ஒருத்தி என் கடைக்கு வந்து எனக்கே சொன்னாள். அவள் எடுத்த சேலையை மடித்து உள்ளே வைத்துவிட்டு, எங்களிடம் உனக்குச் சரியான நிறம் இல்லை, போய் வா என்று அனுப்பிவிட்டேன்.

எங்கே நிற்பது?

ஒவ்வொரு மே மாதமும் பாரிசில் சனம் கூடும். ஒரு பக்கம் இறந்தவர்களுக்கு விளக்கேற்றுவார்கள். இன்னொரு பக்கம் காணாமல் போனவர்களின் படத்தைப் பிடித்துக்கொண்டு உறவுக்காரர் நிற்பார்கள்.

வதனி இரண்டாவது பக்கம். குணத்தின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, நேரே பார்த்தபடி நிற்பாள். என் கணவரும் அவளுக்குப் பக்கத்தில் நிற்பார். தம்பி பெண்சாதியைத் தனியே விடலாமா? ஆனால் அவருடைய கண் விளக்குப் பக்கம்தான் இருக்கும். மற்றவர்கள் குனிந்து திரி ஏற்றுவதையும் மூக்கைச் சிந்துவதையும் பார்த்துக்கொண்டே நிற்பார்.

தம்பி உயிரோடு இல்லை என்று இவருக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்ல மாட்டார். தெரியும், அவ்வளவுதான். ஆனால் வதனி பொட்டோடு நிற்கும்போது இவர் எப்படி அழுவது? அழுதால் அவள் புருசனைச் சாகடித்த மாதிரி. அப்படியே வருசங்களை ஓட்டினார். வீட்டில் குணத்தின் படத்துக்கு மாலை போடவில்லை. வெறும் படமாகக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டி வைத்திருந்தார். பால் எடுக்கும்போதெல்லாம் தம்பியின் முகத்தைப் பார்ப்பார்.

மனுசன் லீவு எடுத்த கதை

லா சப்பல் ஆட்களுக்கு வக்கான்ஸ், அதுதான் விடுமுறைப் பயணம், வெள்ளைக்காரர் போகும் விசயம். ஓகஸ்டில் பாரிஸ் முழுக்கக் கடலுக்கு ஓடும். நாங்கள் கடையில் நிற்போம். இந்த மனுசன் இத்தனை வருசத்தில் கலியாண வீடு, செத்த வீடு, ஆசுபத்திரி தவிர வேறெதற்கும் லீவு எடுத்ததாக எனக்கு நினைவில்லை.

கொரோனாவுக்கு முந்திய ஒரு கோடை. கயல் அப்போது கொலேஜ் என்ற நடுநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். ஸ்பெயினின் வடக்கே ஒரு பாலைவனம் இருக்கிறது, மண் கோபுரங்களும் வறண்ட பள்ளத்தாக்குகளும் இருக்கின்றன, கொஞ்சம் தள்ளிப் பாறையைப் பிளந்துகொண்டு ஒரு ஆறு ஓடுகிறது என்று வகுப்பில் படம் காட்டியிருக்கிறார்கள். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் எங்கேயாவது போகிறார்கள், நாங்கள் மட்டும் எங்கேயும் போவதில்லை என்று பெரியப்பாவுக்கு முன்னால் மூஞ்சையை நீட்டிக்கொண்டு இருந்தாள். பிரெஞ்சில்தான் முறைப்பாடு. இவர் யாழ்ப்பாணத் தமிழில் பதில் சொல்லுவார். இரண்டு பேருக்கும் ஒருபோதும் விளங்காமல் போனதில்லை.

“போவம் பிள்ளை,” என்றார் இவர்.

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். பகிடி இல்லை, மெய்யாகவே தொட்டுப் பார்த்தேன். அடுத்த நாள் முதலாளியிடம் கேட்டு லீவும் வாங்கி, வானையும் இரவல் வாங்கிவிட்டார். எந்த நாளில் ஆற்றங்கரையில் நிற்க வேண்டும் என்று மட்டும் பிடிவாதம். ஆடி அமாவாசை அன்றைக்கு ஆற்றில் தலை முழுகினால் நல்லது என்றார். அது நியாயம்தான் என்று நானும் விட்டுவிட்டேன். எங்கள் மகன் வளர்ந்த பிள்ளை, எங்களோடு வரமாட்டேன் என்று கூட்டாளிமாரோடு நின்றுவிட்டான்.

வதனியிடம் அப்போது பத்து வருச வதிவிடக் கார்ட் இருந்தது, எல்லை தாண்டப் பயமில்லை. ஆனாலும் அவள் இலேசில் வரச் சம்மதிக்கவில்லை. போனை விட்டுவிட்டு எங்கே போவது, யாராவது குணத்தைப் பற்றி எடுத்தால் என்று கேட்டாள். போனைக் கையில் கொண்டு வா என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

பாதை முழுக்கச் சாப்பாடுதான். பெயாஜ் என்ற சாலைக் கட்டண வாசலில் வான் நிற்கும் ஒவ்வொரு தரமும் நான் பின்னால் திரும்பி ஒரு ரோல்ஸ் நீட்டுவேன். போர்தோ நகரம் தாண்டினதும் பைன் மரக்காடு தொடங்கியது. கயல் கண்ணாடியை இறக்கி வெளியே கையை நீட்டிக் காற்றைப் பிடித்தாள். மலையில் ஏறும்போது வான் மூச்சு வாங்கியது. மரக்கறி வான் அல்லவா, வெங்காயச் சருகு பறந்து பறந்து எங்கள் தலையில் ஒட்டியது. வதனி அதை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுக்கொண்டு சிரித்தாள். நான் அவளுடைய பல்லைப் பார்த்து எவ்வளவு காலம் என்று நினைத்தேன்.

வெள்ளைப் புழுதி

பாலைவனம் என்றால் மணல் மேடு என்றுதான் நான் எண்ணியிருந்தேன். இது களிமண். வெடித்து, அரித்து, மடிப்பு மடிப்பாகக் கிடந்தது. நடுவில் ஒரு மண் தூண், அதன் தலையில் தட்டையாக ஒரு கல். மழை பெய்தால் ஓடும் வாய்க்கால்கள் எல்லாம் வறண்ட பள்ளங்களாக இருந்தன. ஒரு பச்சை இலை கிடையாது. நடந்தால் வெள்ளைப் புழுதி முழங்கால் வரை ஏறும். நாக்கில் உப்பு மாதிரி ஒட்டும்.

கயலுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பெரியப்பாவை அந்தத் தூணுக்கு முன்னால் நிற்க வைத்துப் படம் எடுத்தாள். மனுசன் கடையில் கடன் கேட்க வந்த ஆள் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சிரியுங்கோ என்று நான் கத்தினேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

அந்தப் பாலைவனத்தின் நடுவில் விமானப்படை பயிற்சி எடுக்கும் இடம் ஒன்று இருக்கிறதாம். எங்களுக்கு அது தெரியாது. இரண்டு போர் விமானங்கள் மலையைத் தாண்டித் தாழ்வாக வந்து, எங்கள் தலைக்கு மேலால் வானத்தைக் கிழித்துக்கொண்டு போயின. சுற்றிவர நின்ற வெள்ளைக்காரர் எல்லாரும் அண்ணாந்து போனைத் தூக்கினார்கள்.

நான் திரும்பிப் பார்த்தபோது வதனி நிலத்தில் கிடந்தாள். கயலைக் கீழே தள்ளி, அவளுக்கு மேலே தான் விழுந்து, இரண்டு கையாலும் பிள்ளையின் தலையை மூடியிருந்தாள். பிள்ளை இப்போது அவள் அளவு வளர்த்தி. கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கயல் மூச்சு முட்ட, ஆட்கள் பார்க்கிறார்கள், விடு அம்மா என்று பிரெஞ்சில் கெஞ்சினாள். வதனிக்குக் கேட்கவில்லை. விமானம் போய், சத்தம் முழுக்க அடங்கிய பிறகும் அவள் எழும்பவில்லை.

இவர் போய்ப் பக்கத்தில் குந்தினார். தொடவில்லை. “போயிட்டுது வதனி, போயிட்டுது. இது இஞ்சை உள்ள பிளேன்,” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் அவள் எழும்பி, பிள்ளையின் சட்டையில் புழுதியைத் தட்டினாள். தன் முகத்தில் ஒட்டியிருந்ததைத் துடைக்கவில்லை. அழவும் இல்லை. கயல்தான் விக்கி விக்கி அழுதாள். தாய் எதிலிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொண்டு வந்தாள் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் கொஞ்சம் விளங்கியிருக்க வேண்டும்.

அன்றிரவு கிராமத்து வீட்டில் இவர் புரண்டு புரண்டு படுத்தார். என்ன என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை, படு என்றார். அவளிடம் சொல்லத்தான் வேண்டுமா, விடத்தான் வேண்டுமா என்று அவர் தனக்குள் மல்லுக்கட்டியது எனக்கு எப்படித் தெரியும்?

எனக்கும் அவன் தம்பி

இனி ஆற்றங்கரைக்கு வருகிறேன்.

பழைய ரயில் பாதை போன ஒரு சுரங்கத்துக்குள்ளால் நடந்துதான் அந்த இடத்துக்கு வர வேண்டும். உள்ளே கும்மிருட்டு, கையிலிருந்த போன் வெளிச்சத்தில் வந்தோம். வெளியே வந்ததும் ஆறு. பாறைப் பொந்துகளில் பெரிய கழுகுகள் இருந்தன. சில மேலே வட்டமிட்டன. கயல் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுத் தண்ணீரில் இறங்கிவிட்டாள். நல்ல வேளை, அவள் தூரத்தில் நின்றாள்.

“மாமாவுக்கு இல்லை, வதனி,” என்றார் இவர்.

இவரே சொன்னார். திதி தெரியாதவர்களுக்கு அமாவாசையில் செய்யலாம், ஓடுகிற ஆற்றில் செய்யலாம், குணத்தின் பிள்ளை கையால் தர்ப்பையைத் தொட்டுக் கொடுத்தால் போதும் என்று கோயில் ஐயர் சொன்னாராம். மந்திரத்தையும் ஐயரின் குரலிலேயே போனில் பதிந்து கொண்டு வந்திருக்கிறார். பாரிசில் செயின் நதியில் இறங்கினால் பொலிஸ் வந்து ஆயிரம் கேள்வி கேட்கும். இங்கே வந்த பிறகு உங்களிடம் மெல்லச் சொல்லலாம் என்று நினைத்தேன் என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. விசர் மனுசா, இதை எனக்காவது ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதா? பிள்ளையின் விளையாட்டுப் பயணத்துக்குள் இதைக் கொண்டுவந்து வைத்தீர்களே என்று வாய் வரை வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன்.

வதனி எள்ளுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே பேசினாள். சத்தம் போடவில்லை. பத்து வருசமாகச் சொல்லாததை அன்றைக்குத்தான் சொன்னாள்.

“அவர் போகமாட்டன் எண்டுதான் நிண்டவர், அத்தான். சனத்துக்குள்ளை ஒளிஞ்சு வருவம் எண்டவர். நான்தான் பிள்ளையைக் காட்டிச் சொன்னனான், போய்ப் பதிஞ்சிட்டு வாங்கோ, ஒண்டும் செய்யமாட்டினம் எண்டு. நான்தான் கையைப் பிடிச்சு பஸ் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விட்டனான். உயிரோடை குடுத்த மனுசன். நீங்கள் இந்த எள்ளை இறைச்சியளெண்டால், நான் அவரைக் கொண்டுபோய்ச் சாகக் குடுத்ததா முடிஞ்சிடும்.”

இந்தச் சுமையோடுதான் இவள் இடியப்பம் பிழிந்தாளா, பிள்ளைக்குத் தலை வாரிவிட்டாளா, என் பகிடிக்குச் சிரித்தாளா என்று நினைத்தேன். அவளைக் கல் நெஞ்சு என்று சொன்னவளை அந்த இடத்தில் கண்டிருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

இவர் ஆற்றிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார்.

“உன்னைக் குற்றம் சொல்லேல்லை. எனக்கும் அவன் தம்பி, வதனி. எனக்கு ஒருக்கா அழவேணும்.”

அவ்வளவுதான் கேட்டார். முப்பது வருசமாகக் கூட இருந்திருக்கிறேன், எனக்கு இது வேண்டும் என்று அந்த மனுசன் ஒருவரிடமும் கேட்டு நான் கண்டதில்லை. அதையும் அவளால் கொடுக்க முடியவில்லை. அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். யாரில் பிழை சொல்ல? அவருக்கும் நியாயம் இருந்தது, அவளுக்கும் நியாயம் இருந்தது. நடுவில் நான் அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

இவர் குனிந்து எல்லாவற்றையும் பைக்குள் திருப்பி வைத்தார். எள்ளுப் பொட்டலத்தை அவளுடைய கையிலிருந்து மெல்ல எடுத்தார். வாழைப்பழத்தை மட்டும் பாயில் விட்டார். பிறகு, “மன்னிச்சுக்கொள்ளு பிள்ளை,” என்று சொல்லிவிட்டு ஆற்றில் இறங்கித் தலை முழுகினார். திரும்பத் திரும்ப முழுகினார். தண்ணீருக்குள் அழுகிறார் என்று எனக்குத் தெரியும். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. தண்ணி சரியான குளிர் என்றார்.

கயல் ஓடி வந்து, பெரியப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து, பசி பசி என்று எலுமிச்சம்பழச் சோற்றை அள்ளிச் சாப்பிட்டாள். அவளுக்காக நாங்களும் சாப்பிட்டோம்.

எந்த நாடு?

அதற்குப் பிறகு இவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மே மாதம் வந்தால் வழக்கம்போல வதனிக்குப் பக்கத்தில் போய் நின்றார். அவளும் முன்னை மாதிரியே ஞாயிற்றுக்கிழமைகளில் இவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பைக் கொண்டுவந்து தந்தாள். ஒருவரை ஒருவர் கோபிக்கவில்லை. ஒரு சொல்லைச் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டார்கள்.

சில வருசம் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை பகல், கடை வாசலில் கத்தரிக்காய்ப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். என் கடையிலிருந்து அந்த இடம் ஒரு தெரு தள்ளி. நான் ஓடிப் போகும்போது சனம் கூடிவிட்டது. நெஞ்சு. ஆசுபத்திரிக்குக் கொண்டு போயும் பலனில்லை. போகும்போது கூட என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை, பாவி மனுசன்.

எங்கள் சனத்துக்குச் சாவு நடந்தால் முதல் வேலை மரண அறிவித்தல். ஊரிலும் கனடாவிலும் லண்டனிலும் உள்ள எல்லாருக்கும் அதுதான் செய்தி. யாருடைய மகன், யாருடைய கணவர், யாருடைய சகோதரர் என்று வரிசையாக வரும். உயிரோடு இருப்பவர்களுக்குப் பெயருக்குப் பக்கத்தில் நாடு போடுவார்கள். இல்லாதவர்களுக்குப் பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று போடுவார்கள். எத்தனையோ அறிவித்தல்களை நான் தேத்தண்ணியோடு வாசித்திருக்கிறேன். ஒருநாளும் யோசித்ததில்லை.

லா சப்பலில் அச்சுக்கடை வைத்திருக்கும் பெண்ணே கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். என்னால் எழும்ப முடியவில்லை என்று வதனிதான் பக்கத்தில் இருந்து விவரம் சொல்லிக்கொண்டிருந்தாள். கயல் எனக்குத் தண்ணீர் பருக்கினாள். மாமா, மாமி இருவருக்கும் காலஞ்சென்ற. மகனுக்குப் பிரான்ஸ். தங்கச்சிக்குக் கனடா. அந்தப் பெண் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வந்தார்.

“சகோதரத்திலை அடுத்தது ஆர்?”

“குணசீலன்,” என்றாள் வதனி.

“அவர் எந்த நாடு?”

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். விரலை எழுத்தின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்தப் பெயருக்கு நாடும் வேண்டாம், வேறொன்றும் வேண்டாம், வெறும் பெயராகப் போடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அது வதனிக்காக. என் மனுசனுக்கு என்ன விருப்பம் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அவர் உயிரோடு இருந்தபோது அவளிடம் பறிக்காததை, அவர் செத்ததைச் சாட்டி நான் பறிக்கலாமா?

வதனி என் கையைப் பிடித்தாள். பேச வேண்டாம் என்று அழுத்தினாள். பிறகு அந்தப் பெண்ணைப் பார்க்காமல், நடு அறையில் ஏற்றி வைத்திருந்த விளக்கைப் பார்த்தபடி சொன்னாள்.

“காலஞ்சென்ற எண்டு போடுங்கோ.”

கயல் தண்ணீர்க் குவளையோடு அப்படியே நின்றாள். நான் வேண்டாமடி, வேண்டாமடி என்றேன்.

“அத்தான் அங்கை தனியப் போய் நிக்கக் கூடாது அக்கா,” என்றாள் வதனி. “கூப்பிடத் தம்பி இருக்கோணும்.”

அந்தப் பெண் தட்டினார். பிறகு மருமக்கள், பெறாமக்கள் என்று அடுத்த வரிக்குப் போனார். வதனி அசையாமல் இருந்து ஒவ்வொரு பெயரையும் பிழையில்லாமல் சொல்லிக் கொடுத்தாள்.

செத்த வீட்டன்று கடைத்தெருவே வந்திருந்தது. மரக்கறிக் கடை பூட்டி, முதலாளியும் வந்து நின்றார். பெட்டிக்குள் இவர் யாரோ பெரிய உத்தியோகத்தர் மாதிரிக் கோட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தார். நான் அழுது முடித்து, இனி அழக் கண்ணீர் இல்லை என்று கதிரையில் சாய்ந்திருந்தேன்.

அப்போது வதனி எழும்பிப் பெட்டிக்குப் பக்கத்தில் போனாள். அன்றைக்கு அவள் பொட்டு வைக்கவில்லை. இரண்டு கையாலும் பெட்டியின் விளிம்பைப் பிடித்தாள். முதலில் சத்தம் வரவில்லை. பிறகு வந்தது. அந்த மண்டபம் முழுக்க ஒடுங்கிப்போக அவள் கதறினாள். இத்தனை வருசத்தையும் சேர்த்து அழுதாள். கயல் ஓடிப் போய்த் தாயைப் பின்னால் கட்டிப் பிடித்து, அவளும் சேர்ந்து அழுதாள். இரண்டு பேரையும் யாராலும் பிரிக்க முடியவில்லை.

எனக்குப் பின்னால் இருந்த பெண்கள் ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொண்டார்கள், அத்தான் எண்டால் இவளுக்கு எவ்வளவு பாசம் எண்டு பாருங்கோ என்று.

நான் திரும்பவில்லை. ஓம் என்று மட்டும் சொன்னேன்.